காமாட்சி அக்கா கொளுத்தாமல் விட்ட துண்டு

ஐப்பசியின் முதல் மழை விழுந்து நான்காம் நாள், காலை பத்து மணியளவில் எனது தொலைபேசி அடித்தது. நான் நெளுக்குளத்தில் என் வீட்டு முற்றத்தில் குந்தியிருந்து, மழைக்கு முளைத்த களையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். திரையில் "காமாட்சி அக்கா" என்று பெயர் விழுந்தது. சிரித்துக்கொண்டே எடுத்தேன். இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் கதைத்திருந்தோம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு இன்னும் வரவில்லையே என்று ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"டொக்டர், நான் சுகந்தி கதைக்கிறன்," என்றது குரல். சுகந்தி அக்காவின் மகள். "அம்மா மோசம் போயிட்டா."

எனக்கு உடனே விளங்கவில்லை. எந்த அம்மா என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"எங்கட அம்மாதான், டொக்டர். விடிய எழும்பிப் பால் கறந்து குடுத்துப்போட்டு தரவைப் பக்கம் போனவா. தேத்தண்ணிக்குக் காணேல்லை எண்டு இவர் போய்ப் பார்த்தவர். அந்தத் துண்டுக்குப் பக்கத்தில, பனிச்சை மரத்தில சாய்ஞ்சபடி இருந்தவா." மாரடைப்பு என்று பிறகு வைத்தியசாலையில் சொன்னார்களாம்.

கையில் மண்ணோடு நெடுநேரம் முற்றத்திலேயே இருந்தேன். அடுத்த கிழமை கட்டாயம் வருகிறேன் என்று நான் சொன்ன அந்த அடுத்த கிழமை இன்னும் பிறக்கவேயில்லை. அதற்குள் அவர் போய்விட்டார்.

காமாட்சி அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் நெடுங்கேணிக்கு அப்பால், பனிச்சையடித் தரவை என்று அழைக்கப்படும் மேய்ச்சல் வெளியின் ஓரத்தில் மாட்டுப் பட்டி வைத்திருந்தவர். பட்டிக்காரர் சங்கத்தின் செயலாளராகவும் சில காலம் இருந்தார். நான் அந்தப் பகுதியின் கால்நடை வைத்தியராக இருந்தவள். வயதில் என்னைவிட ஏழெட்டு வருடம் மூத்தவர் என்பதால் அவர் எனக்கு அக்கா. படித்தவள் என்பதால் நான் அவருக்கு டொக்டர். கடைசிவரைக்கும் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிடச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அவருக்கு நினைவு மலர் ஒன்று அச்சிட வேண்டும் என்பது மருமகனின் விருப்பம். அக்காவின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்தது. அவர்களது முறைப்படி பதினாறாம் நாள் கருமாதியோடு காரியங்கள் முடிந்துவிடும். மருமகனின் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து வயல் செய்தவர்கள். அவர்களுக்கு முப்பத்தோராம் நாளும் மலரும் இல்லாமல் முடியாது. "ரெண்டையும் செய்வம்" என்று சுகந்தி சொல்லிவிட்டாள். அந்த மலருக்காகத்தான் இதை எழுதுகிறேன். பட்டிக்காரர் எல்லோர் கையிலும் இது போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அக்கா சிறு பிள்ளையாக இருந்தபோது, கலவரத்துக்குப் பயந்து தேயிலைத் தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பம் அவருடையது. வன்னிக்கு வந்து காடு வெட்டி, பிறர் வயலில் கூலி செய்து, ஒரு பசுக்கன்றில் தொடங்கியதுதான் அந்தப் பட்டி. எங்கள் பேச்சைத்தான் அவரும் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் அவருடைய தாயின் தமிழ் வெளியே வந்துவிடும். "என்னங்க இது, அநியாயமா இருக்கே!" என்று அவர் தொடங்கினால் சங்கக் கூட்டத்தில் ஆண்கள் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள்.

நான் அவரை முதன்முதலில் கண்டது மீள்குடியேற்றக் காலத்தில். யுத்தத்தில் கணவரை இழந்து, முகாமிலிருந்து மகளோடு திரும்பி வந்திருந்தார். ஆட்கள் விட்டுவிட்டு ஓடிய மாடுகள் காட்டுக்குள் கட்டாக்காலியாகத் திரிந்த காலம் அது. பிடித்துக் கொண்டுவந்து அடைத்த மாடுகளுக்கு உரிமைகாரரைக் கண்டுபிடிக்கும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. குறி சுட்ட அடையாளம் இருந்தால் கொடுப்போம், இல்லாவிட்டால் இல்லை. அக்கா ஒரு கறுப்புப் பசுவைக் காட்டித் தன்னுடையது என்றார். குறி எங்கே என்று கேட்டேன்.

"குறி சுடேல்லை, டொக்டர். அதுக்கு நோகும் எண்டு விட்டிட்டன்."

"அப்ப உங்கட மாடு எண்டு எப்பிடி நம்புறது?"

அவர் பசுவின் பக்கம் திரும்பினார். வேலிக்கு அருகில் போய், "கறுவல், உன்னிட்ட விளக்கம் கேக்கினமடி" என்றார். பசு நேரே வந்து அவருடைய தோளில் தாடையை வைத்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் படிவத்தில் "உரிமையாளரை மாடு இனங்கண்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மேலிடத்தில் அதற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள் என்பது வேறு கதை. அன்றிலிருந்து அவருடைய பட்டிக்குப் போனால் தேத்தண்ணி குடிக்காமல் நான் திரும்பியதில்லை.

இனி அந்தத் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆவணியில் புல் காய்ந்து முற்றியதும் தரவையைக் கொளுத்துவது எங்கள் பட்டிக்காரரின் வழக்கம். ஒரே நாளில், ஒரு கரையிலிருந்து மறு கரைவரைக்கும் கொளுத்துவார்கள். மழை விழுந்ததும் கரியின் மேல் இளம்புல் பச்சைப் பசேலென்று வரும். அறுவடை முடிந்த வயலில் அடித்தாள் மேய்ந்த மாடுகளை, மாரி மழையோடு தொடங்கும் காலபோக விதைப்புக்கு முன்னர் வயலைவிட்டு எழுப்பித் தரவைக்குக் கொண்டுவருவார்கள். புல்லைப் புதுப்பிக்க அதைவிடச் சுலபமான வழி அவர்களுக்குத் தெரியாது. உண்மையில் எனக்கும் தெரியாது. கொளுத்துவது நல்லது என்று நானே கூட்டங்களில் பேசியிருக்கிறேன்.

மீளக் குடியேறிய சில வருடங்களில், ஓர் ஆவணியில், காற்று திடீரென்று திரும்பியதால் குளக்கட்டை ஒட்டிய ஒரு துண்டு எரியாமல் தப்பிவிட்டது. இரண்டு ஏக்கர் இருக்கும். மறுநாள் மிச்சத்தைக் கொளுத்த ஆட்கள் வந்தபோது அக்கா மறித்தார். காரணம் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. அந்தப் புல்லுக்குள் காடை முட்டையிட்டிருந்ததை அவர் கண்டிருந்தார். குஞ்சு பொரித்துப் போகட்டும், பிறகு கொளுத்தலாம் என்றார். குஞ்சுகள் பொரித்து வளர்ந்து போவதற்குள் மழை வந்துவிட்டது. துண்டு அப்படியே நின்றது.

அந்த மாரியில்தான் அவர் கவனித்தார். கொளுத்தாத துண்டின் ஓரத்தில் மாடு போட்ட சாணி இரண்டு நாளில் காணாமல் போனது. கொளுத்திய வெளியின் நடுவில் கிடந்த சாணி அப்படியே கிடந்தது. ஒரு தடியால் கிளறிப் பார்த்திருக்கிறார். துண்டின் ஓரத்துச் சாணிக்கு அடியில் மண் முழுக்க ஓட்டை. சாணி வண்டுகள் மண்ணைக் குடைந்து, சாணியை உருட்டியும் இழுத்தும் கீழே கொண்டுபோயிருந்தன. மற்றதில் ஓட்டை ஒன்றிரண்டுதான்.

வேறு ஒருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு பால்மாத் தகரப் பேணிகளையும் ஒரு பை புளியங்கொட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு பேணி துண்டுக்கு, மற்றது கொளுத்திய வெளிக்கு. புதிதாகப் போட்ட சாணி ஒன்றுக்குப் பக்கத்தில் தடி ஊன்றிவிடுவார். மறுநாள் அதே நேரம் வந்து புரட்டிப் பார்த்து, ஓர் ஓட்டைக்கு ஒரு கொட்டை பேணிக்குள் போடுவார். எழுதத் தெரியாமல் இல்லை. ஐந்தாம் வகுப்புவரை படித்தவர்தான். "எழுதினால் நானே கூட்டி எழுதிப்போடுவன், டொக்டர். கொட்டை பொய் சொல்லாது," என்றார்.

கணக்கு முறையும் அவருடையதுதான். பேணியின் அடி மறைய வேண்டும். "அடி மறைஞ்சால் காணும். தரவை உயிரோட இருக்கு எண்டு அர்த்தம்," என்பார்.

அடுத்த ஆவணியில் அவர் யாரையும் கேட்கவில்லை. துண்டைச் சுற்றி ஒரு மண்வெட்டி அகலம், இரண்டு மண்வெட்டி அகலம் என்று தானே செதுக்கி, நெருப்புத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார். இப்படியே வருடம்தோறும். புல்லில் கிளிப்பச்சை வெட்டுக்கிளிகள், கும்பிடுபூச்சிகள், பெயர் தெரியாத சின்னச் சின்ன வண்ணத்துப்பூச்சிகள், அவற்றைத் தேடி வரும் தும்பிகள் என்று அந்த இரண்டு ஏக்கருக்குள் காலை வைத்தால் உடம்பெல்லாம் ஏதாவது ஊரும். நான் ஒருதரம் சேலையோடு உள்ளே போய்விட்டு வெளியே வந்து பத்து நிமிடம் உதறினேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மழை விழுந்தவுடன் அந்தத் துண்டிலிருந்துதான் வண்டுகள் கிளம்பி வெளியெல்லாம் பரவின. கரியாகிப்போன தரவைக்கு அது ஒரு விதைநெல் மாதிரி என்று பிற்பாடு நானே விளங்கிக்கொண்டேன். அப்போது அதைக் காமாட்சி அக்காவின் பொழுதுபோக்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு வந்தது ஊசி.

மாடுகளின் குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் சேர்த்து ஒரே ஊசியில் போடக்கூடிய மருந்து எங்களுக்குக் கிடைத்தது. நல்ல மருந்து. அதை எப்போது போடுவது என்று நாள் குறித்தவள் நான். காலபோக விதைப்புக்காக எல்லோரும் வயலிலிருந்து மாடுகளை எழுப்பித் தரவைக்கு ஓட்டுகிற நாள் ஒன்று வரும் அல்லவா? எல்லாப் பட்டியும் ஒரே இடத்தில், ஒரே நாளில் கைக்கெட்டும். காட்டுக்குள் அலையத் தேவையில்லை. அந்த நாளே என்று எழுதிவிட்டேன். என் மேலதிகாரிகள் என்னைப் பாராட்டினார்கள். நானும் என்னைப் பாராட்டிக்கொண்டேன். முதல் மழையோடு மண்ணுக்குள்ளிருந்து சாணி வண்டு வெளியே வருகிற நாட்களும் அதே நாட்கள்தான் என்பது என் நினைவிலேயே இல்லை.

மூன்று வருடம் அப்படிப் போட்டோம். மூன்றாம் வருடம் கார்த்திகையில் நடந்த சங்கக் கூட்டத்துக்கு அக்கா ஒரு பேணியோடு வந்தார். எனக்கு முன்னால் மேசையில் அதை வைத்தார். எட்டிப் பார்த்தேன். நாலைந்து புளியங்கொட்டைகள், மிச்சமெல்லாம் வெறும் தகரம்.

"இது கொளுத்தாத துண்டின்ர பேணி, டொக்டர்," என்றார். "முந்தி ஒரு சாணியிலேயே அடி மறையும். இப்ப மாசம் ஒண்டாச்சு. மாட்டுக்குப் போடுற மருந்து சாணிக்குள்ளால வருது. வண்டு அதில முட்டை விடுது, குஞ்சு வளருதில்லை. எல்லா மாட்டுக்கும் ஒரே நாளில போடாதேங்கோ. பாதிக்குப் போடுங்கோ. மெலிஞ்சதுக்கும் கண்டுக்கும் போடுங்கோ. மழைக்கு முதலே போடுங்கோ."

மருந்து தருவது நான், அதைப் பற்றிப் பேசுவது ஒரு பட்டிக்காரி என்று எனக்குள் ஏதோ குத்தியது. பொய் சொல்லப்போவதில்லை, அதுதான் உண்மை. அத்தனை பேருக்கும் முன்னால் பேணியைக் கையில் எடுத்துக் கிலுக்கினேன்.

"அக்கா, பேணியைக் கிலுக்கினால் அறிக்கையாகுமோ?" என்றேன்.

கூட்டம் சிரித்தது. கணபதிப்பிள்ளை அண்ணை என்று பெரிய பட்டி வைத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் அதிகம் சிரித்தவர். "வண்டுக்கும் சேர்த்து ஒரு சங்கம் வைப்பம்" என்றார். அன்றிலிருந்து அக்காவுக்குப் பேணிக்காரி என்று பட்டப்பெயர் விழுந்தது. அடுத்த தெரிவில் செயலாளர் பதவியும் அவருக்குக் கிடைக்கவில்லை. அக்கா அன்று "அநியாயமா இருக்கே" என்று சத்தம் போடவில்லை. பேணியை எடுத்து, கொட்டைகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வெளியே போனார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவரும் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று நான் எழுதினால் அவரே எழும்பி வந்து ஏசுவார். கோபத்தில் அடுத்த வருடம் தன் பட்டியில் ஒரு மாட்டுக்கும் ஊசி போட விடவில்லை. மார்கழியில், இன்னும் கன்று ஈனாத ஒரு நாகு வயிறு ஊதி, மயிர் சிலிர்த்து விழுந்தது. கறுவலின் பேத்தி அது. என்னைக் கூப்பிட்டபோது காலம் கடந்துவிட்டது. வயிறு நிறையப் புழு. நாகு என் கண்முன்னே செத்தது. அக்கா அதன் முகத்தைத் துடைத்துவிட்டு, வேலியோரம் வேடிக்கை பார்த்து நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இது என்ர பிழை," என்றார். "மருந்து வேண்டாம் எண்டு வீம்புக்கு நிண்டனான். என்ர பிழைதான். ஆனா டொக்டர், எல்லாத்துக்கும் ஒரே நாளில போடுறதும் பிழைதான்."

ஒரே மூச்சில், அத்தனை பேருக்கும் முன்னால், தன் பிழையைச் சொல்லிவிட்டார். நான் என்ன செய்தேன்? முதற் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். போகிற பட்டியெல்லாம் காமாட்சியின் நாகு செத்த கதையைச் சொல்லி ஊசி போட்டேன்.

அடுத்த மாரியில் ஒருநாள், கன்று ஈனமுடியாமல் நின்ற பசு ஒன்றைப் பார்க்க, தரவைக்குக் குறுக்காக நடந்தே போக வேண்டியிருந்தது. வாகனம் சேற்றில் புதைந்துவிட்டது. வழக்கமாக வாகனத்துக்குள் இருந்து பார்க்கிற வெளியை அன்று காலால் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் சாணி. புதியது, பழையது, அதற்கும் பழையது. போன மாதத்துச் சாணி மேலே தோல் காய்ந்து அப்படியே கிடந்தது. காலால் புரட்டினேன். கீழே புல் வெளிறிச் செத்திருந்தது. ஓட்டை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு சாணியையும் சுற்றி ஒரு முழம் புல் மாடு வாய்வைக்காமல் நெட்டையாக நின்றது. மாடு சாணிக்குப் பக்கத்துப் புல்லை மேயாது என்று எனக்குத் தெரியும். இத்தனை சாணி கிடந்தால் தரவையில் மேய என்ன மிஞ்சும் என்று அன்றுவரை நான் யோசிக்கவில்லை. ஈ மட்டும் பறந்தது. வண்டின் இரைச்சல் இல்லை. தும்பி இல்லை. மாடுகளின் காலடியில் கிளம்புகிற பூச்சியைப் பொறுக்க வரும் உண்ணிக்கொக்குகூட இல்லை.

அந்தக் கிழமை புத்தகங்களை எடுத்துப் படித்தேன். படித்த காலத்திலேயே படித்திருக்க வேண்டியவை. அந்த மருந்து சாணியோடு வெளியேறும், அதில் வண்டின் புழுக்கள் வளராது, கிழமைக் கணக்கில் அப்படியே இருக்கும் என்று தெளிவாக எழுதியிருந்தது. அக்கா பேணியை மேசையில் வைத்துச் சொன்னது வரிக்கு வரி அதில் இருந்தது.

நான் திட்டத்தை மாற்றினேன். மழைக்கு முன்னரே போடுவது, மெலிந்ததற்கும் கன்றுக்கும் முதலில், மற்றவற்றுக்குச் சோதித்துப் பார்த்துத் தேவையென்றால் மட்டும், ஒரே நாளில் எல்லாப் பட்டிக்கும் இல்லை. அறிவித்தலில் காரணம் என்று ஓர் இடம் இருந்தது. "நிர்வாகக் காரணங்களுக்காக" என்று எழுதினேன். அந்த இரண்டு சொற்களும் இன்றுவரை என்னை விடவில்லை.

அறிவித்தலை வாசித்த அன்று பின்னேரம் அக்கா என் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு போத்தல் பால் கொண்டுவந்திருந்தார். திட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் இருந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சொல்லமாட்டேனா என்று காத்திருந்தார். எனக்கு விளங்கியது. நான் பாலைப் பற்றிக் கதைத்தேன், மகளின் கலியாணத்தைப் பற்றிக் கேட்டேன். கடைசியில் அவர் எழும்பினார்.

"வண்டு திரும்பி வர ரெண்டு மூண்டு மாரி செல்லும்," என்றார். "வந்தாப்பிறகு நீங்கள் ஒருக்கா வாங்கோ, டொக்டர். வந்து பாத்திட்டுச் சொல்லுங்கோ. எனக்கில்லை. அவையளுக்கு."

அவையள் என்றால் யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. சிரித்தவர்கள்.

பிறகு எனக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. பிரிந்த பின்னர்தான் நாங்கள் உண்மையில் நெருங்கினோம். கிழமைக்கு ஒருமுறையாவது கதைப்போம். அவருடைய பேரப்பிள்ளையின் குறும்பு, என் முழங்கால் வலி, பூவரசங்குளத்தில் நான் பார்த்த மாடு, அவருடைய பசுக்களின் குணங்கெட்ட தன்மை என்று கதை ஓடும். ஒவ்வொரு வருடமும் முதல் மழை விழுந்தவுடன் அவரிடமிருந்து அழைப்பு வரும். "மழை விழுந்திட்டுது, டொக்டர். வாறியளோ?" என்பார். வாறன் அக்கா, வாறன் அக்கா என்று நானும் சொல்வேன். ஒரு வருடம் பயிற்சி நெறி, ஒரு வருடம் நோய்த் தடுப்பு வேலை, ஒரு வருடம் ஒன்றும் இல்லை. போகவில்லை, அவ்வளவுதான். ஒன்றரை மணித்தியாலப் பஸ் பயணம். போனால் அந்த மனிதர்களுக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல வேண்டும். அந்தப் பயம்தான் எனக்குத் தூரமாக இருந்தது.

இந்த ஐப்பசியிலும் கூப்பிட்டார். மழையின் சத்தம் தொலைபேசிக்குள்ளால் கேட்டது. "இந்தமுறை எண்டாலும் வாங்கோ. காலையில போனால் வண்டு இரையிற சத்தம் காதுக்குள்ள நிக்குது," என்றார். "அடுத்த கிழமை கட்டாயம் வாறன், அக்கா" என்றேன். "கட்டாயம் எண்டு நீங்கள் முந்தியும் சொன்னனீங்கள்," என்று சிரித்தார். நாங்கள் கடைசியாகக் கதைத்தது அவ்வளவுதான்.

செத்தவீட்டுக்குப் போனேன். அவருடைய முகத்தைப் பார்க்க முடிந்தது, கண்ணை மூடியிருந்ததால். எட்டாம் நாளும் போனேன். பட்டிக்காரர் எல்லோரும் வந்திருந்தார்கள். கணபதிப்பிள்ளை அண்ணை தளர்ந்துவிட்டார். எனக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"டொக்டர், காமாட்சி போயிட்டுது," என்றார். "அந்தத் துண்டை இனி என்ன செய்யிறது? அடுத்த ஆவணிக்கு எல்லாத்தோடையும் சேர்த்துக் கொளுத்திவிடுவம் எண்டு பொடியள் சொல்லுறாங்கள். உழுது சோளம் போடுவம் எண்டும் ஒரு கதை இருக்கு. அது சும்மா கிடக்கிற காணிதானே எண்டு எல்லாரும் நினைக்கினம். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

வாயைத் திறந்தேன். எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். மருமகன் மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டது அதற்குப் பிறகுதான்.

ஆகவே எழுதுகிறேன், கணபதிப்பிள்ளை அண்ணை. யாரேனும் இதை வாசித்துக் காட்டினால் எல்லோரும் கேட்கும்படி உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஊசி விடயத்தில் காமாட்சி அக்கா சொன்னது சரி. நான் குறித்த நாள் பிழை. உங்கள் தரவையில் சாணி மக்காமல் கிடந்ததும், புல் குறைந்ததும், ஈ பெருகியதும் என்னுடைய பிழையால். திட்டத்தை மாற்றியது நிர்வாகக் காரணங்களுக்காக அல்ல, அவர் சொன்னது சரி என்பதற்காக. மேசையில் வைத்த பேணியை நான் கிலுக்கியபோது நீங்கள் சிரித்தீர்கள். உங்களைச் சிரிக்கவைத்தவள் நான். அந்தத் துண்டு சும்மா கிடக்கிற காணி அல்ல. உங்கள் மாடுகள் மேய்கிற வெளி முழுவதற்கும் வண்டும் பூச்சியும் அங்கிருந்துதான் வருகின்றன. அதைக் கொளுத்தவேண்டாம், உழவும் வேண்டாம். முடிந்தால் தரவையை மூன்றாகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு பங்கை மட்டும் கொளுத்துங்கள். ஆவணியில் நான் வருவேன். துண்டைச் சுற்றிச் செதுக்க எனக்கும் ஒரு மண்வெட்டி வையுங்கள்.

எட்டாம் நாள் பின்னேரம், ஆட்கள் கலைந்த பிறகு, சுகந்தி அலுமாரியைத் திறந்து ஒரு பேணியைக் கொண்டுவந்து தந்தாள். "இது துண்டின்ர பேணி. நீங்கள் வந்தால் குடுக்கச் சொல்லி வைச்சிருந்தவா," என்றாள். கழுவித் துடைத்த வெறும் பேணி. பக்கத்தில் ஒரு சீலைத் துண்டில் முடிந்த புளியங்கொட்டைகள். என்னையே எண்ணவைக்க நினைத்திருக்கிறார். அங்கேயே இருந்து அழுதேன். சுகந்தியும் அழுதாள்.

அன்று அங்கேயே தங்கினேன். பின்னேரமே துண்டின் ஓரத்தில் ஒரு புதுச் சாணிக்குப் பக்கத்தில் தடி ஊன்றிவைத்தேன். மறுநாள் பின்னேரம் அதே நேரத்துக்குப் போனேன். மழை விட்டிருந்தது. அவர் சாய்ந்திருந்த பனிச்சை மரத்தைத் தாண்டும்போது கால் தயங்கியது. மரத்தடியில் அவருடைய செருப்பு அழுத்திய அடையாளம் ஏதும் இருக்குமா என்று தேடினேன். எட்டு நாள் மழை அதை விட்டுவைக்கவில்லை. புல்லிலிருந்து வெட்டுக்கிளிகள் சிதறின. தும்பிகள் தலைக்கு மேல் நின்றன. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தியிருந்து, காய்ந்த கோதுபோல மிஞ்சியிருந்த சாணியைப் புரட்டினேன்.

ஒன்று, இரண்டு என்று போடத் தொடங்கினேன். கொட்டை தகரத்தில் விழும் சத்தம் முதலில் பெரிதாகக் கேட்டது. பிறகு கொட்டையின் மேல் கொட்டை விழுந்து சத்தம் குறைந்துகொண்டே போனது. ஓர் ஓட்டையிலிருந்து கறுப்பு வண்டு ஒன்று தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. பேணியைச் சரித்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

அடி மறைந்துவிட்டது, அக்கா. வந்து பார்த்துவிட்டேன். அவையளுக்கும் சொல்லிவிட்டேன். நீங்கள் போயிட்டு வாங்கோ.